சியான் போகிறீர்களா? சுற்றுலா பாஸ் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

என்னோடு வேலை செய்யும் ஒருவர் அடுத்த பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சீனாவின் சியான் நகரத்துக்குப் போகிறார். "ஆறு இடத்துக்கும் சேர்த்து ஒரே பாஸ், வரிசையிலயே நிக்க வேணாமாம்" என்று கைப்பேசியை நீட்டினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்கள் பணத்தையும் இரண்டு நாளையும் தொலைத்த அதே பாஸ். அதே படம், அதே வாசகம். அவரிடம் வாய் வலிக்கச் சொன்னதை எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நால்வர் போனோம்: நான், என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகன், என் மாமியார். அத்தைக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. வரிசையில் நிற்க வைக்கக் கூடாது என்றுதான் பாஸ் பக்கமே போனேன். மலேசியர்களுக்கு விசா தேவையில்லை, கோலாலம்பூரிலிருந்து நேரடி விமானமும் இருக்கிறது. அதனால் ஏற்பாடு எல்லாம் சுலபம் என்று நினைத்துவிட்டோம். எங்கள் பள்ளி விடுமுறையும் அங்கே டிராகன் படகுத் திருவிழா விடுமுறையும் ஒன்றாக வந்ததை நான் கவனிக்கவில்லை.

பாஸ் ஒன்றுக்கு 398 யுவான், நால்வருக்கு 1,592 யுவான். கிட்டத்தட்ட ஆயிரம் ரிங்கிட். உள்ளே இருந்தவை: சுடுமண் போர்வீரர்கள், நகர மதில், மணிக் கோபுரமும் முரசுக் கோபுரமும், ஷான்சி வரலாற்று அருங்காட்சியகம், பெரிய காட்டுவாத்துக் கோபுரம், சின்னக் காட்டுவாத்துக் கோபுரம். பணம் கட்டியதும் மின்னஞ்சலில் ஒரு க்யூஆர் குறியீடு வந்தது. "இதைக் காட்டினால் போதும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்களை நம்ப வைத்ததும் அதுதான். மதிலின் தெற்கு வாசலுக்கு அவர்களுடைய ஆள் ஒருவர் வந்தார், எங்கள் கடப்பிதழ்களை (பாஸ்போர்ட்) வாங்கிக்கொண்டு போனார், பத்து நிமிடத்தில் உள்ளே விட்டார்கள். மிங் வம்சத்தார் 14ஆம் நூற்றாண்டில் கட்டிய மதில் அது. பன்னிரண்டு மீட்டர் உயரம், சுற்றளவு 13.74 கிலோமீட்டர். மேலே கார் ஓட்டலாம் போல அவ்வளவு அகலம். மகனும் அவன் அப்பாவும் வாடகை சைக்கிளில் முழுச் சுற்று போய் வந்தார்கள். நானும் அத்தையும் மெதுவாக நடந்தோம். அந்தச் சாயங்காலத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மதிலுக்கு யார் வேண்டுமானாலும் வாசலிலேயே 54 யுவான் கொடுத்து ஏறலாம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இரண்டாம் நாள் வரலாற்று அருங்காட்சியகம். காலை எட்டரைக்கே போய்விட்டோம். வாசலில் கடப்பிதழை வைத்தால் சிவப்பு விளக்கு. க்யூஆர் குறியீட்டைக் காட்டினோம். அங்கிருந்த பெண் அதை வருடிப் பார்த்தார். விற்றவருடைய வலைப்பக்கம்தான் திறந்தது. தன் கைப்பேசியில் சீனத்தில் பேசி, மொழிபெயர்ப்பை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: இது எங்கள் சீட்டு இல்லை, முன்பதிவு இருக்கிறதா?

அப்புறம் தெரிந்தது, அந்த அருங்காட்சியகத்தின் பொதுக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமே கிடையாது. அனுமதி இலவசம். முன்பதிவு மட்டும் கட்டாயம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள். விடுமுறைக் காலத்தில் பதிவு திறந்த கொஞ்ச நேரத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். அதாவது, காசே வாங்காத ஓர் இடத்தைப் பாஸில் சேர்த்து எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள். செய்ய வேண்டிய ஒரே வேலையான முன்பதிவையும் செய்யவில்லை. சின்னக் காட்டுவாத்துக் கோபுரமும் அப்படித்தான். அந்த வளாகத்துக்கும் நுழைவு இலவசம். பெரிய காட்டுவாத்துக் கோபுரம் என்று போட்டிருந்தது வெளியே நீரூற்று இருக்கும் சதுக்கத்தைத்தான். அங்கே ஊரே இலவசமாக உட்கார்ந்திருக்கிறது. கோபுரத்தில் ஏறுவதற்குச் சீட்டு தனி.

அந்தக் கோபுரம் எனக்கு முக்கியம். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து சுமந்து போன ஏடுகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பியது. காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிவைத்த அதே யுவான் சுவாங். பள்ளிக்கூடத்தில் படித்த பெயர். அந்தப் படிகளில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு எத்தனையோ வருட ஆசை. தனிச் சீட்டு வாங்கித்தான் ஏறினேன். அதற்காக வருத்தமில்லை. பாஸில் அடங்கும் என்று பொய் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாம் நாளை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. சுடுமண் படை இருப்பது நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, லிந்தோங்கில். ஒன்பதாம் எண் மெட்ரோவில் ஹுவாசிங் குளம் நிலையம் வரை போய், அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். முந்தின இரவே விற்றவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். "எல்லாம் தயார், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தது. வழியெல்லாம் மாதுளை மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து ரசித்துக்கொண்டே வந்தார்.

வாசலில் மறுபடியும் சிவப்பு விளக்கு. நான்கு கடப்பிதழுக்கும். விற்றவரை அழைத்தால் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்த பதில்: உங்கள் வீட்டுக்காரர் பெயரில் சாய்கோடு இருக்கிறது, கணினி ஏற்கவில்லை, ஆகவே யாருக்கும் பதிவு செய்ய முடியவில்லை.

நம் ஊர்க் கடப்பிதழில் ஆண்களுக்கு ஏ/எல் (இன்னாரின் மகன்), பெண்களுக்கு ஏ/பி (இன்னாரின் மகள்) என்று போடுவார்களே, அந்தச் சாய்கோட்டைச் சொல்கிறார்கள். அப்படியே ஒரு சிக்கல் இருந்திருந்தாலும், பணம் வாங்கிய அன்றைக்கே சொல்லியிருக்கலாம். முந்தின இரவு கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். எழுபதை நெருங்கும் ஒரு மனுஷியை அவ்வளவு தூரம் வரவழைத்து, வாசலில் நிற்க வைத்துவிட்டுச் சொல்கிறார்கள். அன்றைய சீட்டு எல்லாம் தீர்ந்துவிட்டது. அத்தை ஒரு கல் திண்டில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "விடும்மா, எனக்கு மாதுளம்பூவைப் பார்த்ததே போதும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திகைத்து நிற்பவர்களைக் குறிவைக்கத் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். அரைகுறை ஆங்கிலத்தில் ஒருவர் வந்து, "சீட்டு இல்லையா? பரவாயில்லை, பேரரசரின் நிலத்தடி அரண்மனைக்குக் கூட்டிப் போகிறேன்" என்றார். தயவுசெய்து போகாதீர்கள். அந்தச் சுடுமண் படையைச் செய்ய வைத்த பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை இதுவரை திறக்கப்படவே இல்லை. கி.மு. 210இல் இறந்தவர், அந்த மண்மேட்டுக்குள்ளேயேதான் இருக்கிறார். உள்ளே பாதரச ஆறுகள் ஓடவிட்டிருந்ததாகப் பழைய சீன வரலாற்று நூல் சொல்கிறது. மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் மிகுந்திருந்ததும் உண்மை. ஆகவே 'நிலத்தடி அரண்மனை' என்று யார் எதைக் காட்டினாலும் அது இந்தக் காலத்தில் கட்டிய மாதிரி மட்டுமே.

எங்களைக் காப்பாற்றியது ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த சின்னப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரரின் வீசாட் செயலியிலேயே சுடுமண் படை அருங்காட்சியகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தைத் திறந்தாள். கடப்பிதழ் எண்ணைப் போட்டாள். பெயருக்கு, கடப்பிதழின் படப்பக்கத்தில் கடைசியாக இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் இருக்குமே, அதைப் பார்த்து அடித்தாள். அந்த வரியில் சாய்கோடு வராது. முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் தள்ளித்தான் சீட்டு கிடைத்தது, அதனால் வேறொரு திட்டத்தைக் கைவிட்டோம். ஆளுக்கு 120 யுவான். மகனுக்கு ஒன்றுமில்லை, பதினாறு வயது வரை அங்கே இலவசம். பாஸ் விற்றவர் அவனுக்கும் முழுக் காசு வாங்கியிருந்தார்.

கணக்கைப் பாருங்கள். போர்வீரர்களுக்குப் பெரியவர்கள் மூவருக்கு 360. மதிலுக்கு நால்வருக்கு 216. மணி, முரசுக் கோபுரங்களுக்குக் கூட்டுச் சீட்டு 50 வீதம் 200. வேறு எந்தச் சலுகையும் கேட்காமல் நேரடியாக வாங்கியிருந்தாலே 776 யுவான்தான். நாங்கள் கட்டியது 1,592. இவை நாங்கள் போனபோது இருந்த விலைகள், போகுமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், சீனாவின் பெரிய சுற்றுலா இடங்களில் சீட்டு என்பது காகிதமோ குறியீடோ இல்லை. உங்கள் கடப்பிதழ் எண்தான் சீட்டு. அந்த எண்ணில், குறிப்பிட்ட நாளில், சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கு, பதிவு இருக்க வேண்டும். அங்கே இதை யூயுவே என்பார்கள். அது இல்லாமல் எந்தப் பாஸும் கதவைத் திறக்காது. பாஸ் விற்பவர் உங்களுக்காக அதைப் பதிவு செய்யும் தரகர், அவ்வளவுதான். எங்கள் பாஸின் சீன விதிமுறைகளை அப்புறம் என் சீனத் தோழியிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முன்பதிவு வாடிக்கையாளரின் பொறுப்பு, இடம் கிடைக்காவிட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டே வரியில் போட்டிருக்கிறதாம். ஆங்கிலப் பக்கத்தில் அந்த இரண்டு வரி இல்லை.

ஆகவே, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் கடப்பிதழ் எண்ணில் எந்த இடத்துக்கு, எந்த நாளில் பதிவு செய்து தருவீர்கள், அதன் உறுதிச்சீட்டு எப்போது என் கைக்கு வரும்? மழுப்பினால் விட்டுவிடுங்கள். கடப்பிதழைப் புதுப்பித்தவர்கள் பழைய எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். வரலாற்று அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, "மதிலில் பயன்படுத்தியதால் பாஸ் செயல்பாட்டுக்கு வந்துவிட்டது, ரத்து செய்ய முடியாது" என்றார்கள். அந்த ஹோட்டல் பெண் எங்களுக்காக 12345 என்ற அரசாங்க உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசினாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் விற்றவர் அந்த ஊரில் பதிவு செய்த நிறுவனமே இல்லை. ஊருக்குத் திரும்பியதும் கடன் அட்டை கொடுத்த வங்கியில் புகார் செய்தேன். சிவப்பு விளக்கு எரிந்த வாசலின் படம், முந்தின இரவு வந்த "எல்லாம் தயார்" செய்தி, நாங்கள் மறுபடி வாங்கிய சீட்டுகளின் ரசீது எல்லாவற்றையும் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. அந்தச் செய்தியை மட்டும் நான் அழித்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்குப் பயந்து சியானுக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ட அந்தப் படையை, இரண்டு நாள் கழித்து நாங்கள் பார்த்தோம். முதல் குழி 230 மீட்டர் நீளம். வரிசைகளுக்கு நடுவே இருக்கும் மண்சுவர்களின் மேல்பக்கம் அலை அலையாக இருக்கிறது, மேலே கூரையாகக் கிடந்த மரங்கள் அழுந்திய தடம். மண்டியிட்ட வில்லாளி ஒருவரைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அவருடைய காலணியின் அடிப்பக்கத்தில் தையல் புள்ளிகளைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள். மகன் குனிந்து அதை எண்ணிக்கொண்டிருந்தான். அத்தை குதிரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம ஐயனார் கோயில் மண்குதிரை மாதிரியே இருக்குய்யா" என்று பேரனிடம் சொன்னார்.

நேற்று இரவு பார்த்தேன், விற்பனைப் பக்கம் அப்படியே இருக்கிறது. விலை 428 ஆகிவிட்டது. பட்டியலில் முதல் படம் இன்னும் அந்த இலவச அருங்காட்சியகம்தான்.