டைஸ் கணக்கு சரிதான், கல்லாதான் சரியில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது சூதாட்டத் தளத்துக்கான ரிவியூ இல்லை. ஒரு க்ரிப்டோ கேசினோவில் 'ப்ரூவப்லி ஃபேர்' (ஆட்டத்தில் ஏமாற்று இல்லை என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பது) என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அந்த சரிபார்க்கும் வசதிக்கு மட்டும்தான். பெயர் போடவில்லை, போட்டால் அதுவே ஓசி விளம்பரம். நான் துரைப்பாக்கத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டர். "மாமா, இதுல ஏமாத்தவே முடியாது, நீங்களே செக் பண்ணிப் பாருங்க" என்று மனைவியின் தம்பி சவால் விட்டதால் உட்கார்ந்தேன்.

வேலை செய்யும் விதம் உண்மையிலேயே அழகு. ஆட்டத்துக்கு முன்பே சர்வர் சீட் என்ற ரகசியச் சரத்தின் ஷா-256 ஹாஷை, அதாவது மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத ஒரு கைரேகையை, காட்டிவிடுகிறார்கள். உங்கள் பக்கம் இன்னொரு சரம், க்ளையன்ட் சீட். ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒன்று ஏறும் எண், அதுதான் நான்ஸ். மூன்றையும் எச்மேக்கில் (சாவி வைத்து ஹாஷ் எடுக்கும் முறை) போட்டால் வருவதுதான் ரிசல்ட். நாம் புதிய சீடுக்கு மாறும்போது பழைய சர்வர் சீடை வெளியே விடுகிறார்கள். அதை நாமே ஹாஷ் செய்து, முன்பு காட்டியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். நடுவில் சீடை மாற்றியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

டைஸ் என்பது 0.00 முதல் 100.00 வரை ஒரு எண் விழும் ஆட்டம். அதற்கு எச்மேக்கின் முதல் நான்கு பைட்தான் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஒரு எண்) கணக்கு. முதல் பைட்டை 256-ஆல், இரண்டாவதை 256-இன் வர்க்கத்தால், இப்படியே நாலாவது வரை வகுத்துக் கூட்டி, 10001-ஆல் பெருக்கி, பின்னத்தை வெட்டிவிட்டு 100-ஆல் வகுக்க வேண்டும். ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) 80 40 00 00, அதாவது 128, 64, 0, 0 என்று வந்தால் 50.10. கால்குலேட்டரிலேயே போடலாம்.

தளத்திலேயே ஒரு வெரிஃபையர் இருக்கிறது. அதை நம்பிச் சரிபார்ப்பதில் அர்த்தமில்லை, கேள்வித்தாளைத் தயாரித்தவனே பேப்பரும் திருத்துகிற கதை. லேப்டாப்பில் நெட்டை அணைத்துவிட்டு பைத்தானில் ஓட்டினேன். ஒரு இடத்தில் கவனம் வேண்டும்: சர்வர் சீட் பார்க்க ஹெக்ஸ் மாதிரி இருந்தாலும் இந்தத் தளத்தில் அதை வெறும் எழுத்துச் சரமாகவே எச்மேக்குக்குச் சாவியாகக் கொடுக்க வேண்டும். பைட்டாக மாற்றினால் ரிசல்ட் வேறாக வரும். உதவிப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதற்கே ஒரு ஸ்டார் குறைத்தேன்.

இன்னொன்று, க்ளையன்ட் சீடைத் தளமே நிரப்பித் தருகிறது. அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்றால், அதற்கு ஏற்ற மாதிரி சர்வர் சீடைப் பொறுக்கி எடுக்கலாம். ஆகவே ஹாஷைப் பார்த்த பிறகு நம் சீடை நாமே தட்ட வேண்டும். தம்பி ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

நான் பார்த்த ரோல்கள் எல்லாமே ஒத்துப்போயின. சரி, அப்புறம்? 50.50-க்கு மேல் விழுந்தால் இரட்டிப்பு என்கிறார்கள். விழும் வாய்ப்பு 49.5 சதவீதம். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கணக்குப்படி அவர்களுக்கு. தானாகவே பந்தயம் வைக்கும் ஆட்டோ பெட் ஓடும் வேகத்தில் லட்ச ரூபாய் சுழன்றால் சராசரியாக ஆயிரம் போய்விடும், ஒரு பொய்யும் இல்லாமல். வாசலில் பெரிதாக ஒட்டியிருக்கும் அந்த 'ப்ரூவப்லி ஃபேர்' முத்திரை அவர்களே செய்த சில ஆட்டங்களுக்குத்தான். வெளி கம்பெனி ஸ்லாட்டுக்கும் லைவ் டீலருக்கும் இந்தச் சரிபார்ப்பு கிடையாது.

பணம் போடும்போது ஒரு அடையாளச் சான்றும் கேட்காத தளம், தம்பி எடுக்கப் போனபோது பாஸ்போர்ட், முகவரிச் சான்று, செல்ஃபி என்று அடுக்கியது. அதைச் சரிபார்க்க எந்த ஹாஷும் இல்லை. புகார் செய்யவும் வழியில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமே அதிர்ஷ்ட ஆட்டங்களைத் தடை செய்கிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும்தான் வழிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டத்தில் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மொத்தமாகவே தடை.

டைஸ் சரிபார்ப்புக்கு 4 ஸ்டார். பணம் எடுக்கும் பக்கத்துக்குப் பூஜ்யம் போட இடம் இல்லாததால் 1. ஸ்கிரிப்ட் கேட்கிறவர்களுக்கு: பைத்தானோடு வரும் லைப்ரரியே போதும், தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.