முதல் ஸ்பூனை நம்பாதீர்கள்: பாட்டில் பார்பிக்யூ சாஸ், நீண்ட நாள் அனுபவம்

பல வருடங்களாக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், நெருப்பில் வாட்டும் இறைச்சி மேல் பூசுகிற பார்பிக்யூ சாஸ் பாட்டில்கள் இரண்டு மூன்று எப்போதும் இருக்கும். சிலவற்றைத் திரும்பத் திரும்ப வாங்கினேன், சிலவற்றைப் பாதியிலேயே ஒதுக்கிவிட்டேன். இதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: முதல் ஸ்பூனில் அசத்துகிற சாஸ் வேறு, கடைசிச் சொட்டு வரை காலியாகிற சாஸ் வேறு. நல்ல பாட்டிலா இல்லையா என்று பார்க்க நான் நம்புவது இரண்டாவதைத்தான்.

காரணம் இனிப்பு. ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பும் புகை வாசனையும் அதிகமுள்ள சாஸ்தான் ஜெயிக்கும். அதையே ஒரு முழுக் கோழிக்கால் மேல் பூசிச் சாப்பிடுங்கள். நான்காவது கடியில் திகட்டிவிடும். புளிப்பு தூக்கலாக இருக்கும் சாஸ் ஸ்பூனில் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் கொழுப்புள்ள இறைச்சியோடு சேரும்போது அந்தப் புளிப்புதான் வாயைச் சுத்தப்படுத்தி அடுத்த கடிக்குத் தயார் செய்கிறது. அதனால் ருசி பார்க்க வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த சாஸை அப்படியே நக்கிப் பார்க்காதீர்கள். லேசாகச் சூடாக்கி, உப்பு மட்டும் போட்டு வேகவைத்த ஏதாவது ஒன்றின் மேல் தடவி, ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கடையில் நின்று அப்படிச் சாப்பிட்டுப் பார்க்க முடியாது. அங்கே கைகொடுப்பது பாட்டிலின் பின்பக்கம்தான். பெரும்பாலான நாடுகளில் எடையில் அதிகமாக இருக்கும் பொருளில் தொடங்கி இறங்குவரிசையில் பட்டியல் போட வேண்டும் என்பது சட்டம். அதனால் முதல் நான்கு பொருள்களைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தக்காளி விழுதோ வினிகரோ முன்னால் நின்று, சர்க்கரை அதற்குப் பின்னால் வந்தால் நான் கையில் எடுப்பேன். கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு) முதலில் இருந்தால் அது ஏறக்குறைய தக்காளி வாசனை போட்ட பாகுதான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை, மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகு), தேன், கார்ன் சிரப் என்று இனிப்பு நான்கு பெயர்களில் பிரிந்து கிடந்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டிப் பார்த்தால் அவைதான் முதலிடம். அதனால் பொருள் பட்டியலோடு நிற்காமல் ஊட்டச்சத்து அட்டவணையில் மொத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

இனிப்பான ரகங்களில் 2 டேபிள்ஸ்பூனுக்கு, அதாவது சுமார் 35 கிராம் சாஸுக்கு, 12 முதல் 16 கிராம் வரை சர்க்கரை இருப்பது சாதாரணம். சேர்க்கப்படும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விலா எலும்புக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு 2 டேபிள்ஸ்பூனோடு நிறுத்துகிறவர்களை நான் பார்த்ததில்லை. அன்றாடத்துக்கு, 2 டேபிள்ஸ்பூனில் சர்க்கரை 8 கிராமுக்குக் கீழே உள்ள பாட்டில் என்று நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். சோடியத்தையும் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். பாட்டிலுக்குப் பாட்டில் அதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அடுத்தது நெருப்பு. நிறையப் பேர் சாஸைக் குறை சொல்லும் இடம் இது. பழச்சர்க்கரை 110 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிறம் மாறத் தொடங்கும், சாதாரணச் சர்க்கரை 160-ஐ ஒட்டி. கிரில் கம்பியோ 200-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எனவே இனிப்பு சாஸை ஆரம்பத்திலேயே பூசினால் வெளியே கரி, உள்ளே பச்சை என்றுதான் ஆகும். கடைசி 10 நிமிடத்தில், மெல்லிய பூச்சாக, இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் ஓரங்களில் சின்னச் சின்னக் குமிழ் வரும். அப்புறம் ஈரப் பளபளப்பு போய், விரலில் ஒட்டுகிற மாதிரி கனமான மினுமினுப்பு ஏறும். அதுதான் அடுத்த பூச்சுக்கு நேரம். குமிழ்கள் பெரிதாகி நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் உடனே நெருப்பிலிருந்து தள்ளி வைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் தரம் வெளிப்படும். மாவுச்சத்து அதிகம் போட்டுக் கெட்டியாக்கிய ஒரு பாட்டில் கொஞ்ச காலம் என்னிடம் இருந்தது. பார்க்கக் கெட்டியாக, பிரமாதமாக இருக்கும். சூட்டில் ஆடை மாதிரி காய்ந்து, கடித்தால் மொத்தமாகக் கழன்று வந்துவிடும். தக்காளி விழுதினாலேயே கெட்டியாக இருக்கும் சாஸ் அப்படிச் செய்யவில்லை, இறைச்சியோடு பிடித்துக்கொண்டது. சாந்தன் கம் என்ற கெட்டியாக்கும் பொருள் கொஞ்சம் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வினிகரும் விழுதும் பிரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது.

புகை வாசனை பற்றி. பட்டியலில் வரும் லிக்விட் ஸ்மோக்கை ஏதோ ரசாயனம் என்று பயப்பட வேண்டாம். விறகுப் புகையைக் குளிரவைத்து நீரில் பிடித்தது அது. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் எர்னெஸ்ட் ரைட் என்பவர் 1895-இலேயே அதை விற்கத் தொடங்கிவிட்டார். அளவுதான் முக்கியம். ஓவனிலோ தவாவிலோ சமைப்பவர்களுக்கு அந்தப் புகை உண்மையிலேயே உதவுகிறது. கரி அடுப்பில் சமைத்தால் புகை ஏற்கெனவே இறைச்சியில் இருக்கும். சாஸிலும் சேர்ந்தால் தொண்டையில் ஒரு கசப்பு தங்கிவிடும். எனவே கரி அடுப்புக்குப் புகை இல்லாத பாட்டில்தான் என் தேர்வு.

கடைகளில் எங்கே பார்த்தாலும் கெட்டியான இனிப்பு ரகமே நிற்பதற்குக் காரணம் கன்சாஸ் சிட்டி பாணி. 1970களின் பிற்பகுதியில் ரிச் டேவிஸ் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் உருவாக்கிய கே.சி. மாஸ்டர்பீஸ் அந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பார்பிக்யூ சாஸ் என்றாலே இதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவிலேயே வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் தக்காளியே கிடையாது: வினிகர், மிளகாய், உப்பு, அவ்வளவுதான். தென் கரோலினாவில் கடுகு சாஸ். அலபாமா மாநிலத்தின் டிகேட்டர் ஊரில் பார்பிக்யூ உணவகம் நடத்திய பாப் கிப்சன் 1925-இல் தொடங்கிவைத்த வெள்ளை சாஸுக்கு மயோனைஸ்தான் அடிப்படை. என் அனுபவத்தில் கடுகு ரகம் உருளைக்கிழங்கு, காளான், கோழி மூன்றுக்கும் அபாரமாகப் பொருந்துகிறது. ஆரம்பத்தில் வாங்கத் தயங்குபவர்கள்கூட அதைத்தான் மறுபடி கேட்கிறார்கள். வினிகர் ரகத்தைப் பூசுவதைவிட, பிய்த்துப்போட்ட இறைச்சியில் கலந்து பிசறுவதுதான் சரி. வெள்ளை சாஸ் கோழிக்கு நல்லது. மற்றபடி எனக்கு அதில் பெரிய ஈடுபாடு வரவில்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் வூஸ்டர்ஷயர் சாஸ் என்ற பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரியமான வூஸ்டர்ஷயரில் நெத்திலி வகை மீன் உண்டு. கடுகு, சோயா, கோதுமை ஒவ்வாமை இருப்பவர்களும் அந்த வரிகளைத் தவறாமல் படித்துவிட வேண்டும்.

திறந்த பிறகு ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும். சுமார் 4 மாதம் வரை சுவை நன்றாக நிற்கும். அதற்கு மேல் போனால் வினிகரின் மூக்கைத் துளைக்கும் வாசனையும் மசாலா மணமும் மங்கி, வெறும் இனிப்புதான் முன்னால் வருகிறது. பெரிய பாட்டில் லாபம் என்று தோன்றும்; மாதம் ஓரிரு தடவை மட்டும் பயன்படுத்துபவர்களுக்குச் சின்னதே நல்லது. இன்னொன்று, பச்சை இறைச்சியைத் தொட்ட பிரஷை பாட்டிலுக்குள் விடவே விடாதீர்கள். வேண்டிய அளவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

இனிப்பு அதிகமான பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு கப் சாஸுக்கு ஒன்று அல்லது இரண்டு டேபிள்ஸ்பூன் ஆப்பிள் சிடர் வினிகர், அரை டீஸ்பூன் கடுகுத்தூள், நிறைய மிளகு. சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும், அது வேறு சாஸாகிவிடும். இப்போது என் ஃப்ரிட்ஜில் நிரந்தரமாக இருப்பவை இரண்டுதான்: தக்காளி முதலிலும் வினிகர் இரண்டாவதாகவும் வரும், புகை சேர்க்காத ஒரு சிவப்பு சாஸ், ஒரு கடுகு சாஸ். கெட்டி இனிப்பு ரகத்தை விருந்தினர் வரும்போது, கடைசிப் பூச்சுக்காக மட்டும் வாங்குகிறேன்.