மிருகம் கட்ட எந்தக் கட்டைகள் நல்லது? சில வருட அனுபவம்

பிள்ளைகளுக்கு லெகோ மாதிரிப் பொருத்துக் கட்டைகள் வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிருகம் செய்வதற்கென்றே விற்கும் தொகுதிகள் தேவையில்லை. சாதாரணக் கட்டைகள் பல அளவுகளில் நிறைய இருந்தால் போதும். யானை முதல் அட்டை வரை எல்லாம் வரும். ஹட்டன் பக்கம் எங்கள் வீட்டில் மகளும் தம்பியின் மகனும் சில வருடங்களாக இவற்றோடுதான் வளர்கிறார்கள். மழை விடாத நாட்களில் இந்தளவு உதவிய விளையாட்டுச் சாமான் வேறு எதுவும் இல்லை.

மூன்று வயதுக்குக் கீழே சின்னத் துண்டுகள் வேண்டவே வேண்டாம், வாயில் போட்டுவிடுவார்கள். அந்த வயதுக்கு 1969 இல் வந்த, லெகோவின் பெரிய கட்டையான டூப்லோதான் சரி. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது சாதாரணக் கட்டையைப் போல இரண்டு மடங்கு. பிள்ளை வளர்ந்ததும் வீணாகிவிடுமே என்று யோசிக்க வேண்டாம். மேலே எட்டுக் குமிழ்கள் உள்ள சாதாரணக் கட்டை அதன் மேலேயே பொருந்தும். எங்கள் யானைக்கு இன்றும் உடம்பு டூப்லோ, தலையும் தும்பிக்கையும் சின்னக் கட்டைகள்.

கால்கள்தான் பெரிய பாடு. ஒற்றைக் குமிழ்க் கட்டைகளை அடுக்கினால் பார்க்க ஒல்லியாக, அழகாக இருக்கும்; கையில் தூக்கியதும் உதிரும். நான்கு குமிழ்ச் சதுரக் கட்டையில் கால் வைத்து, வயிற்றுப் பக்கத்தை செங்கல் சுவர் மாதிரி மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்கினால் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு ஓடினாலும் நிற்கும். அப்புறம் தட்டைத் துண்டுகள். மூன்று தட்டைகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம், அதாவது 9.6 மில்லிமீற்றர். காது, தாடை, முதுகு வளைவு எல்லாம் இந்தத் தட்டைகளால்தான் உயிர் பெறுகின்றன. தட்டை குறைவாக உள்ள பெட்டியில் எந்த மிருகமும் அலுமாரி மாதிரித்தான் வரும்.

அம்பேவெல பண்ணையில் பார்த்த கறுப்பு வெள்ளை மாட்டைக் கட்டும்போது தம்பி மகன் கேட்டான்: "அத்தை, மாட்டுக்கு முட்டி ஏன் பின்னால மடியுது?" பின்னங்காலில் அப்படி மடிவது முட்டியல்ல, கணு. முட்டி அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. சொன்னதும் காலைப் பிரித்து, நடுவில் ஒரு கட்டையை ஒரு குமிழ் பின்னுக்குத் தள்ளி வைத்தான். சட்டென்று அது மாட்டுக் கால் ஆகிவிட்டது! ஹோட்டன் சமவெளி மரைக்கும் இதே மாதிரி. ஆண் மரைக்கு மட்டும்தான் கொம்பு, அதுவும் உதிர்ந்து மறுபடி முளைக்கும் என்பதால், கொம்பைக் கழற்றி மாட்டுகிற மாதிரி மகள் தனியாகச் செய்திருக்கிறாள். படம் பார்த்துப் பொருத்தும் தொகுதியில் இந்தக் கேள்விகளே வந்திருக்காது. அதனால்தான் சாதாரணக் கட்டைகளை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மலிவுக் கட்டைகளும் வாங்கியிருக்கிறோம். சில கழற்றவே முடியாத இறுக்கம், சில கொஞ்ச நாளிலேயே பிடிமானம் போய்விட்டன. கனமான உடம்பைத் தாங்கும் காலுக்கு அவை உதவாது. புல், பாறை, வேலி செய்யலாம். லெகோவின் பிடிமானம் இத்தனை காலத்திலும் தளரவில்லை. 1958 இல் காப்புரிமைக்குப் பதிந்த அதே பொருத்துமுறை என்பதால் பிறகு வாங்கியவையும் பழையவற்றோடு சேர்கின்றன. விலை மட்டும் உண்மையிலேயே கை கடிக்கும். சொந்தக்காரப் பிள்ளைகள் விளையாடி முடித்த கட்டைகள் கிடைத்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். 40 பாகைக்கு மேல் சூடு வேண்டாம், உருக்குலைந்துவிடும். நம் ஊர் ஈரத்தில் கடதாசிப் பெட்டி பூஞ்சணம் பிடிக்கும், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிதான் நல்லது. உதிரியாக வாங்க வழியிருந்தால் கறுப்பு, வெள்ளை, கபிலம் மூன்றையும் முதலில் எடுங்கள். மிருகம் கட்டுகிற வீட்டில் இந்த நிறங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.