ஜிபிஐஎஃப்-இல் பழைய பூஞ்சண மாதிரிகள்: ‘கன்னியாகுமரி’ என்று தேடினால் சிக்காது

மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் கவட்டையில் சிலந்திவலை போல வெள்ளை நூல் படரும். பிறகு இளஞ்சிவப்புத் தோலாகப் பட்டையில் ஒட்டிக்கொள்ளும். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், பேச்சிப்பாறைக்காரர்களுக்கு இந்தப் பிங்க் நோயைச் சொல்லித் தெரிய வேண்டாம். இதே பூஞ்சணத்தின் பழைய உலர் மாதிரிகள் எந்தெந்த ஹெர்பேரியத்தில் (உலர் மாதிரிக் காப்பகத்தில்) இருக்கின்றன என்று பார்க்க, உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் (GBIF) தளம் நல்ல கருவி. தேடக் கணக்கு வேண்டாம், தரவிறக்க மட்டும் இலவசக் கணக்கு வேண்டும். ‘பிரிசர்வ்டு ஸ்பெசிமன்’ (பதப்படுத்திய மாதிரி) வடிகட்டியைப் போட மறந்தால் கேமராப் படப் பதிவுகளும் கலந்து வரும்.

பெயரில்தான் முதல் சறுக்கல். 1873-இல் பெர்க்லியும் புரூமும் வைத்த பெயர் கார்ட்டீசியம் சால்மோனிகலர். 1985 முதல் எரித்ரீசியம். நடுவில் பெல்லிகுலேரியா, ஃபனரோகீட்டே என்றும் இருந்தது. ஆரஞ்சுக் கொப்புளமாக வரும் நிலைக்கு நெகேட்டர் டெக்ரீட்டஸ் என்று தனிப்பெயரே உண்டு. தளம் இணைப்பெயர்களை (ஒரே இனத்தின் மாற்றுப் பெயர்களை) சேர்த்துத்தான் காட்டுகிறது என்றாலும் ஒவ்வொன்றையும் தனியே தேடுவதே பத்திரம். இணைப்பெயர்ப் பட்டியல் இண்டெக்ஸ் ஃபங்கோரம் என்ற பூஞ்சணப் பெயர்த் தளத்தில் கிடைக்கும்.

அடுத்தது ஊர். 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் தமிழ்நாட்டிலேயே இல்லை. அதற்கு முந்தைய மாதிரிச் சீட்டுகளில் ‘டிராவன்கோர்’, ‘கேப் காமரின்’ என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் அவற்றையே அடியுங்கள். வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை இல்லாத பதிவு அதில் வராது, பழைய சீட்டில் அவை எங்கே இருக்கப்போகின்றன?

தரவிறக்கும்போது ‘டார்வின் கோர் ஆர்க்கைவ்’ என்ற வடிவத்தை எடுங்கள். ஹெர்பேரியம் கொடுத்த மூல வாசகமும் தளம் திருத்தியதும் தனித்தனிக் கோப்பாக வரும். எக்செல்லில் நேரே திறந்தால் தேதி கெடும். 1900-க்கு முந்தைய தேதியை அது எழுத்தாகவே விடும், பிந்தையதைத் தேதியாக மாற்றும். வரிசைப்படுத்தினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரி கடைசியில் போய் நிற்கும். இறக்கும்போதே தேதி நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிடுங்கள்.

இனம் காண மட்டும் இது உதவாது. படம் இருந்தாலும் பெரும்பாலும் உறையும் சீட்டும்தான். காய்ந்தால் இளஞ்சிவப்பு வெளிறி மங்கிய வெள்ளையாகிவிடும். நிறத்தை வைத்து ஒப்பிட்டால் வேறு பட்டைப் பூஞ்சணத்தோடு குழம்பும். பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் வித்துகளைப் (ஸ்போர்) பார்த்தால்தான் உறுதி. அதற்கு மாதிரியே கைக்கு வர வேண்டும். ஹெர்பேரியங்கள் பொதுவாக நிறுவனத்துக்குத்தான் கடன் தரும், தனிநபருக்கு அல்ல. ஆகவே கல்லூரித் துறை வழியாக, மாதிரி எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.