என் விசா கோப்பின் சாவி வேறொருவர் கையில் இருந்தது

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், கணவரோ மனைவியோ அமெரிக்காவில் இருக்க, இங்கே விசாவுக்குக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், ஏஜெண்டிடம் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 6,200 வெள்ளி (ரிங்கிட்) போனது. அதில் பாதி அம்மாவின் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து எடுத்த காசு. காசு போனதைக்கூட ஒரு வழியாகத் தாங்கிக்கொண்டேன். என் பெயரில் ஓடிய விண்ணப்பத்தை நானே திறந்து பார்க்க முடியாமல் ஏழு மாதம் இருந்தேன் என்பதை நினைத்தால்தான் இன்னும் வயிறு கலங்குகிறது.

2023 பிப்ரவரியில் கல்யாணப் பதிவு, அதே மாதம் கோயிலில் தாலி. என் கணவர் அமெரிக்கக் குடிமகன். திரும்பிப் போனதும், மனைவியை அழைத்துக்கொள்ளப் போடுகிற ஐ-130 மனுவை அவரே போட்டார். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாம் மலாயில் இருந்ததால், தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் அக்கா முறைப் பெண் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையாகவும் சரியாகவும் இருக்கிறது' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனு விசாரிக்கிற அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்-க்கு அது போதும். அதுவரை எல்லாமே ஒழுங்காகத்தான் போனது. ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்து மனு அங்கீகாரம் ஆகி, கேஸ் தேசிய விசா மையத்துக்கு (எல்லோரும் என்விசி என்பார்கள்) போனது. அங்கிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று கேஎல்எல் என்று தொடங்கும் கேஸ் எண். இன்னொன்று இன்வாய்ஸ் எண்.

இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் விசாவின் வீட்டுச் சாவி. நான் அதைப் படம் பிடித்து வாட்சப்பில் ஓர் ஏஜெண்டுக்கு அனுப்பினேன்.

அவர் யாரோ தெரியாத ஆள் இல்லை. பட்டணத்தில் போட்டோஸ்டேட் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். கோயில் திருவிழாவில் வெள்ளை வேட்டியோடு முன்னால் நிற்பவர். அம்மா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் இருந்தே தெரிந்த முகம். "தங்கச்சி, நீ ஒண்ணும் யோசிக்காதே. எம்பசியில நம்ம ஆளு இருக்கான். அண்ணன் பாத்துக்கிறேன்" என்றார். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பாட்டி குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடுதான் (அடையாள அட்டை) கண்ணை மூடினார். தோட்டத்தில் எந்தப் படிவம் வந்தாலும் கிராணி (தோட்டக் கணக்கர்) எழுதுவார், காட்டிய இடத்தில் பாட்டி பெருவிரலை உருட்டுவார். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும், படிவம் என்றால் எழுதத் தெரிந்த இன்னொருத்தர் வேண்டும் என்கிற பயம் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. டிப்ளோமா படித்த நானும் அதே பெருவிரலைத்தான் நீட்டினேன்.

அவர் சொன்ன கணக்கு இது: எம்பசி கட்டணம் 2,100, மொழிபெயர்ப்பு 1,800, மெடிக்கல் 1,000, ஃபைல் வேலை 1,300. எம்பசி கட்டணம் என்று அவர் வாங்கியதை என் கணவர் ஏற்கெனவே கட்டிவிட்டார். விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், என் செலவைத் தான் ஏற்பதாகக் கணவர் தருகிற ஆதரவுப் பத்திரத்துக்கு 120 டாலர், மொத்தம் 445. அதை சிஇஏசி என்ற அரசாங்கத் தளத்தில், அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும். சுங்கை சிப்புட் மாடியில் ரொக்கமாக வாங்கிக் கட்ட வழியே இல்லை. இதை நாங்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளவே இல்லை. மொத்தமும் ஏஜெண்டு சம்பளம் என்று கணவர் நினைத்தார். அவர் கட்டியது வேறு ஏதோ என்று நான் நினைத்தேன். 12, 13 மணி நேர வித்தியாசத்தில் பேசுகிறவர்கள் தினமும் 'சாப்பிட்டியா' என்பதோடு கணக்கையும் கொஞ்சம் பேசிக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு 1,800 வாங்கினாரே, அதைக் கேளுங்கள். என்விசி கட்டத்தில், விண்ணப்பிக்கும் நாட்டின் அதிகாரபூர்வ மொழியில் இருக்கிற பத்திரங்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. மலாய்ப் பத்திரத்தை அப்படியே ஏற்றலாம். நன்னடத்தைச் சான்றிதழுக்கு விஸ்மா புத்ராவில் (வெளியுறவு அமைச்சு) கட்டணம் 20 வெள்ளி, இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். அதுவும் அவருடைய 'ஃபைல் வேலை'யில் அடக்கம். புகைப்படம் எடுக்கக் கீழ்க்கடைக்கு அனுப்பினார், அதுவும் நம் பாஸ்போர்ட் அளவில். அமெரிக்க விசாவுக்குச் சதுரப் படம் வேண்டும், இரண்டுக்கு இரண்டு அங்குலம். அதைத் திரும்ப எடுத்தேன்.

மெடிக்கல் கதை இன்னும் மோசம். பணம் கொடுத்த அடுத்த வாரமே ஈப்போவில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பிவிட்டார். நேர்காணல் தேதியே வராத நேரம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஓர் ஊசி போட்டார்கள், 'ஃபிட்' என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். குடியேற்ற விசாவுக்கு எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் போக முடியாது. தூதரகம் வெளியிட்டிருக்கிற பட்டியலில் உள்ள டாக்டர் மட்டும்தான் செய்யலாம். வேறு எவ்வளவு பெரிய ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. இன்னொன்று, சரியான இடத்தில் செய்தாலும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாது. பரிசோதனை பொதுவாக ஆறு மாதத்துக்குத்தான் செல்லும், விசாவின் ஆயுளும் அதை ஒட்டித்தான் போகும். நேர்காணல் கடிதம் கையில் வந்த பிறகு செய்வதுதான் முறை. அதற்காகக் கடைசி வாரம் வரை இழுக்கவும் கூடாது. எக்ஸ்ரேயில் ஏதாவது நிழல் தெரிந்தால் சளிப் பரிசோதனை வைப்பார்கள், அதன் கல்ச்சர் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகும்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு 800 வெள்ளியால். ஒருநாள் அந்த ஏஜெண்டு அண்ணன் கூப்பிட்டு, "தங்கச்சி, உனக்கு ரெண்டு வருச கார்டுதான் வரும். இன்னும் 800 குடுத்தா பத்து வருச கார்டா மாத்தித் தரச் சொல்றேன்" என்றார். அன்று ராத்திரி கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பு நின்றுபோய், "வேற என்னென்ன சொன்னான்?" என்று கேட்டார். அமெரிக்காவுக்குள் நுழைகிற அன்றைக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் நிறையவில்லை என்றால் சிஆர்-1 விசா, இரண்டு வருட கிரீன் கார்டு. நிறைந்துவிட்டால் ஐஆர்-1 விசா, பத்து வருடக் கார்டு. நாள்காட்டி பார்த்துச் சொல்கிற விஷயம். எங்களுக்கு 2025 பிப்ரவரியிலேயே இரண்டு வருடம் முடிந்துவிட்டது. தானாக வரப்போகிற ஒன்றுக்கு அவர் விலை பேசினார்.

அன்று விடிய விடிய இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த இரண்டு எண்களைப் போட்டுத் தளத்துக்குள் போனோம். டிஎஸ்-261 என்று ஒரு சின்னப் படிவம் உண்டு. உங்கள் பிரதிநிதி யார், கடிதங்கள் எந்த மின்னஞ்சலுக்கு வர வேண்டும் என்று அதில் கேட்பார்கள். அதில் அண்ணன் பெயரும் அண்ணன் மின்னஞ்சலும் இருந்தன. என்விசி அனுப்பிய செய்தி எதுவும் எனக்கு வராமல் போனதன் காரணம் அதுதான். 'அமெரிக்காக்காரன் லேட் பண்றான்' என்று மாதாமாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பத்திரம் சரியில்லை என்று என்விசி எழுதிய கடிதம் அவர் பெட்டியிலேயே நான்கு மாதம் கிடந்திருக்கிறது.

அடுத்து டிஎஸ்-260, அதாவது விசா விண்ணப்பமே. நான் சிங்கப்பூரில் 26 மாதம் ஃபேக்டரி வேலை செய்தவள். அதை அவரிடம் எழுதியே கொடுத்திருந்தேன். படிவத்தில் சிங்கப்பூர் இல்லை. அந்த வருடங்களில் நான் சுங்கை சிப்புட்டிலேயே வேலை இல்லாமல் இருந்ததாகப் போட்டிருந்தார். 16 வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருடமோ அதற்கு மேலோ இருந்திருந்தால், அந்த நாட்டின் போலீஸ் சான்றிதழ் வேண்டும். கைரேகை பதித்து அனுப்பி வாங்குகிற அலைச்சல் அவருக்கு எதற்கு? எடுத்துவிட்டார். கீழே என் பெயரில் மின்கையெழுத்தும் போட்டுவிட்டார். போன் செய்து கேட்டபோது, "இதெல்லாம் அவனுங்க பாக்க மாட்டானுங்க. நீ பாட்டுக்கு இல்லேன்னு சொல்லு" என்றார்.

அதை அப்படியே போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று கணவர் படித்துக் காட்டினார். தெரிந்தே பொய் சொல்லி விசா வாங்கப் பார்த்தால், பிறகு அமெரிக்கக் கதவு ஆயுளுக்கும் மூடலாம். விலக்கு கேட்டு மன்றாடுவது தனி வழக்கு. பொய்யை எழுதியவர் அவர்தான். ஆனால் தண்டனை என் பெயருக்குத்தான் வரும்.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். என்விசிக்கு அதன் கேள்விப் படிவம் வழியாக எழுதி மின்னஞ்சலையும் பிரதிநிதி பெயரையும் மாற்றினோம். குறை இருந்த பத்திரத்தை நாங்களே ஏற்றினோம். சிங்கப்பூர் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். கொஞ்ச நாளில் நேர்காணல் கடிதம் நேராக எனக்கே வந்தது. யார் சிபாரிசும் இல்லாமல்தான் வந்தது. தேதியை முன்னால் இழுத்துத் தருவேன் என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோலாலம்பூரில் பட்டியலில் இருந்த டாக்டரிடம் போனபோது ஈப்போ கடிதத்தை நீட்டினேன். அந்த நர்ஸ் அக்கா படித்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி பார்த்தார். எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் முதலில் இருந்து. ஊசிக்கு மட்டும் தேதியோடு பதிவு இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றார். ஈப்போக் கடிதத்தில் எந்த ஊசி, எந்தத் தேதி என்று ஒன்றும் இல்லை. சின்ன வயசுத் தடுப்பூசிப் புத்தகம் லயத்தைக் காலி செய்தபோதே தொலைந்துவிட்டது. உங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் இருந்தால் இப்போதே எடுத்துப் பத்திரமாக வையுங்கள். பள்ளியில் போட்ட ஊசிகூட அதில் இருந்தால் காசு மிச்சம். சின்னம்மை ஊசி நம் அரசாங்க அட்டவணையில் இல்லை, அதனால் அது பலருக்கும் புதிதாகப் போட வேண்டி வரும்.

நேர்காணலுக்கு ஜாலான் துன் ராசாக்கில் உள்ள தூதரகத்துக்குக் காலையிலேயே போய்விட்டேன். கைப்பேசி உள்ளே விடமாட்டார்கள், கையில் ஃபைல் மட்டும். 'ஏற்பாட்டுக் கல்யாணம்னு சொன்னா சந்தேகப்படுவான், மூணு வருசம் லவ்வுன்னு சொல்லு' என்று அண்ணன் பாடம் நடத்தியிருந்தார். ஜன்னலில் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்ததும், அதிகாரி கேள்வி கேட்பதற்கு முன் நானே வாயைத் திறந்து, படிவத்தில் சிங்கப்பூர் விடுபட்டிருக்கிறது, வேறொருவர் நிரப்பியது, சரிசெய்ய வேண்டும் என்றேன். குரல் நடுங்கியது. அவர் தேதிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டார், அவ்வளவுதான். கணவரை யார் அறிமுகம் செய்தது என்று கேட்டார். பெரியம்மா என்றேன். பெரியம்மாவுக்கு அவரை எப்படித் தெரியும் என்று கேட்டார். அது ஒரு பெரிய கதை, சொன்னேன், சிரித்தார். கல்யாணப் படங்களில் நான்கைத்தான் பார்த்தார். சிங்கப்பூர் சான்றிதழ் இன்னும் வராததால் 221(ஜி) என்ற தாளைக் கொடுத்தார். அதைப் பார்த்து அழ வேண்டாம். கேட்ட பத்திரத்தை ஒரு வருடத்துக்குள் கொடுத்தால் கேஸ் தொடரும். சான்றிதழ் வந்தது, அனுப்பினேன், ஐஆர்-1 ஒட்டிய பாஸ்போர்ட் வந்தது. பயணத்துக்கு முன் யூஎஸ்சிஐஎஸ்-க்குக் கட்ட வேண்டிய 235 டாலரைக் கணவர் கட்டிவிட்டார், இந்தத் தடவை என்னிடம் சொல்லிவிட்டு.

காசைப் பற்றிக் கேட்பீர்கள். முதலில் போலீஸ் ரிப்போர்ட் போட்டேன். பிறகு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் போராங் 1 (முதல் படிவம்) நிரப்பினேன், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. நான் கொடுத்ததில் 3,200 வங்கி வழியாகப் போனதும், ஏஜெண்டு அனுப்பிய குரல் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததும்தான் என்னைக் காப்பாற்றின. ரொக்கமாகக் கொடுத்த 3,000-க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. 445 டாலர் கணவர் கணக்கில் இருந்து போனதைக் காட்டியதும் எம்பசி கட்டணம் 2,100-ஐ இரண்டு தவணையில் திருப்பித் தர அண்ணன் ஒப்புக்கொண்டார். மொழிபெயர்ப்புக் காசுக்கு, 'வேலை செஞ்சிருக்கேனே' என்றார். முதல் தவணை வந்துவிட்டது. இரண்டாவது தவணைத் தேதி தாண்டி மூன்று வாரம் ஆகிறது.

மாடியில் பலகை இன்னும் தொங்குகிறது. நேற்று அம்மா சந்தையிலிருந்து வரும்போது, எங்கள் பழைய தோட்டத்துப் பெண் ஒருத்தி பழுப்பு உறையோடு அந்தப் படியேறுவதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். ரோட்டுச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அவள் புருஷனும் வெளிநாட்டில்தான் இருக்கிறான் என்று கேள்வி. யாருக்காவது அவளைத் தெரிந்தால் இதை அனுப்பி வையுங்கள். எண்களை இன்னும் கொடுத்திருக்க மாட்டாள்.