கச்சேரிக்குக் கிளம்பும்முன் ஒரு டிரம்மரின் பரிந்துரை

இந்த வாரம் எந்த இசை நிகழ்ச்சிக்குப் போனாலும், இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் சிலிக்கான் இயர்பிளக்கை, அதாவது காதடைப்பானை, பையில் போட்டுக்கொள்ளுங்கள். நுரை இயர்பிளக் கூர்மையான ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் ஒலி மங்கும், பாடகரின் சொற்கள் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். சிலிக்கான் இயர்பிளக்கிலுள்ள ஃபில்டரோ தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி இரண்டையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கிறது. ஸ்னேர் டிரம்மின் அடி தெளிவாகவே விழுகிறது, காதைக் குத்துவது மட்டும் இல்லை. எனக்கு அது பெரிய நிம்மதி.

அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்தது. ஸ்பீக்கருக்கு அருகே நின்றால் அதைத் தாண்டுவது சுலபம்.

குறையும் உண்டு: சேர்ந்து பாடினால் நம் குரலே மண்டைக்குள் முழங்கும். அப்புறம், அளவு பொருந்தாவிட்டால் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி உள்ளே கசியும். பல அளவு முனைகள் உள்ளதாக வாங்குங்கள். சிறு குழந்தைகளுக்குக் காதை மூடும் இயர்மஃப்தான் சரி.