அகத்தியர்கூடம் ஏறிய தோல் பூட்ஸ்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

காரைக்குடியில் வசித்துக்கொண்டே மலையேறும் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு அருகிலிருக்கும் பயிற்சிக் களம், பாரியின் பறம்பு மலையாக அறியப்படும் பிரான்மலை. கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் ஒன்றைப் பல ஆண்டுகளாக அங்கே அணிந்து நடந்திருக்கிறேன்; அதையே அணிந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் உச்சிக்கும் சென்று வந்திருக்கிறேன்.

பிரான்மலையில் நன்றாக உழைக்கிறது என்பதால் மட்டும் ஒரு பூட்ஸை நம்பிவிடக் கூடாது, ஏனெனில் வெயிலில் காய்ந்த பாறையில் எந்த ரப்பரும் பிடித்துக்கொள்ளும். அகத்தியர்கூடப் பாதையிலோ, போணக்காட்டில் தொடங்கி, அட்டையாற்றைக் கடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் பொங்கலப்பாறை வழியே கயிற்றைப் பற்றி ஏற வேண்டிய சரிவுகளில், மூடுபனி இறங்கிவிட்டால் பாறை முழுவதும் நனைந்துவிடும். அங்கேதான் ஆழமான பற்களும் சற்று மென்மையான ரப்பரும் கொண்ட சோலின் அருமை தெரிந்தது. செம்புறாங்கல் சரளையில் நடந்து நடந்து பற்கள் தேய்ந்த பிறகு, சேற்று இறக்கங்களில் பிடிப்பு வெகுவாகக் குறைந்தது.

பூட்ஸுக்குள் நீர் புகாத உள்உறை இருந்தால் நல்லது என்பார்கள்; எனக்கு அதில் மாற்றுக் கருத்து உண்டு. அட்டையாற்றில் தண்ணீர் பூட்ஸின் வாயளவைத் தாண்டி ஒரு முறை உள்ளே போய்விட்டால், அந்த உறையே ஈரத்தை வெளியே விடாமல் தடுத்துவிடுகிறது. செட்டிநாட்டு வெயிலிலோ வியர்வை தேங்கிப் பாதம் வெந்துபோகிறது. வீட்டு முற்றத்து நிழலில் காற்றாட வைத்தாலும் உலர்வதற்கு நாட்கள் ஆகும். நேர் வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். அட்டைக்கடிக்கும் அந்த உறை காவலாகாது. முழங்கால் வரை கட்டும் துணி உறைதான் காக்கும்.

வாங்குபவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, வெளிச்சோலுக்கு மேலிருக்கும் பாலியூரித்தேன் அடுக்கை. காற்றிலுள்ள ஈரம் பட்டே அது சில ஆண்டுகளில் சிதையத் தொடங்கும்; அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் இந்தச் சிதைவு நிற்பதில்லை. என் பூட்ஸில் மேல்தோலும் தையலும் நன்றாக இருக்கும்போதே அந்த அடுக்கில் வெடிப்பு விழுந்துவிட்டது. நெடுந்தொலைவில் காட்டின் நடுவே சோல் கழன்றால் உதவிக்கு ஆளில்லை. ஆகவே பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பே அந்த அடுக்கைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், மலைக்கு அணியும் தடித்த சாக்ஸோடு கடையில் போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல்நுனி முன்பக்கம் இடிக்காத அளவே சரியான அளவு. அடுத்த முறை இதே வடிவத்தில், நீர் புகா உறை இல்லாத தோல் பூட்ஸையே வாங்குவேன்.